“படைகளைத் திரும்ப அழைக்கிறோம்” என்று ஒரு அரசு அறிவித்தால் அதை எப்படிப் படிப்பது?

வெளிநாட்டில் இருக்கும் படையைக் குறைக்கப் போகிறோம், பாதுகாப்புச் செலவையும் வெட்டப் போகிறோம் என்று எந்த அரசு சொன்னாலும் உடனே இரண்டு கூட்டம் கிளம்பிவிடும். ஒன்று, “கூட்டாளி நாடுகளை அம்போ என்று விட்டுவிட்டார்கள்” என்று கத்தும். இன்னொன்று, “அப்பாடா, இனி அந்தப் பணமெல்லாம் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும்” என்று கொண்டாடும். இரண்டு கூட்டமுமே தலைப்பைத் தாண்டிப் போயிருக்காது என்பது என் சந்தேகம். இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் எதைத் தேட வேண்டும், எந்த எண்ணை நம்பலாம், எங்கே ஏமாறுவோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ராணுவ நிபுணராக இருக்க வேண்டிய அவசியமில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதல் வேலை, அறிவிப்பில் எது குறைகிறது என்று பிரிப்பது. “குறைக்கிறோம்” என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு விஷயங்கள் ஒளிந்திருக்கும்: வெளிநாட்டில் நிற்கும் ஆட்கள், படையின் மொத்த ஆட்பலம், வாங்கவிருந்த விமானம் கப்பல் போன்றவை, அப்புறம் பட்ஜெட் தொகை. இவற்றில் ஒன்று குறைந்தால் மற்றவையும் குறையும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. பிரான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் மாலியிலிருந்து வெளியேறியது, 2023 இறுதியில் நைஜரிலிருந்து, 2025 தொடக்கத்தில் சாடிலிருந்து. ஆப்பிரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருந்த இருப்பு சில வருடங்களில் கரைந்துபோனது. அதே காலத்தில்தான் 2024 முதல் 2030 வரைக்குமான ராணுவத் திட்டச் சட்டத்தில் 41,300 கோடி யூரோ ஒதுக்கினார்கள். அதற்கு முந்தைய சட்டத்தில் இருந்த தொகை 29,500 கோடி. அமெரிக்காவும் அப்படியே. ஆப்கானிஸ்தானிலிருந்து கடைசி விமானம் 2021 ஆகஸ்ட் 30 அன்று கிளம்பியது. அந்த வருடத்துக்கான பாதுகாப்புச் சட்டம் அனுமதித்த தொகை சுமார் 74,000 கோடி டாலர், அடுத்த வருடம் 76,800 கோடி, அதற்கடுத்த வருடம் 85,800 கோடி. இருபது வருடப் போர் முடிந்தது, பில் ஏறியது.

இது ஏதோ மோசடி என்று நினைக்க வேண்டாம். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு சொந்த ஊருக்கு வந்தாலும் குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவும் படிப்புச் செலவும் அப்படியேதானே இருக்கும். சிப்பாயின் சம்பளம், பயிற்சி, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் அவர் எங்கே நின்றாலும் உண்டு. ஆகவே செய்தியில் நீங்கள் தேட வேண்டிய மிக முக்கியமான வரி இதுதான்: திரும்பி வரும் படைப்பிரிவு கலைக்கப்படுகிறதா, அல்லது உள்நாட்டில் வேறு முகாமுக்கு மாறுகிறதா? கலைத்தால் மிச்சம் உண்டு. மாற்றினால், குறைந்தது முதல் சில வருடங்களுக்கு, கூடுதல் செலவுதான். புது முகாம் கட்ட வேண்டும், குடும்பங்களுக்கு வீடு வேண்டும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. படையை ஏற்றிருக்கும் நாடு செலவில் ஒரு பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தால் படையைத் திரும்ப அழைப்பதில் நஷ்டம்கூட வரலாம். அமெரிக்கப் படைகளுக்காக ஜப்பான் 2022-ல் ஒப்புக்கொண்ட தொகை வருடத்துக்குச் சராசரியாக 21,000 கோடி யென்னுக்கு மேல். தளத்தில் வேலை செய்யும் உள்ளூர் ஊழியர்களின் சம்பளம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் அதில் வருகிறது. அந்தப் படை ஊருக்குத் திரும்பினால் இதையெல்லாம் அமெரிக்காதான் கட்ட வேண்டும். “அவர்களைக் காப்பாற்ற நம் வரிப்பணமா?” என்று மேடையில் கேட்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை.

எதோடு ஒப்பிட்டு வெட்டு?

சரி, பட்ஜெட் எண்ணுக்கு வருவோம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் மெதுவாகப் போகலாம்.

ஒரு கற்பனை நாடு. போன வருடம் பாதுகாப்புக்கு 100 ரூபாய் செலவு செய்தது. இந்த வருடம் 110 செலவு செய்வதாக முன்பே ஒரு திட்டம் போட்டிருந்தது. இப்போது புதிய அரசு வந்து 104 என்று அறிவிக்கிறது. விலைவாசி 5 சதவீதம் ஏறியிருக்கிறது. நிதியமைச்சர் “6 ரூபாய் வெட்டிவிட்டோம்” என்கிறார். எதிர்க்கட்சி “வெட்டா? 4 ரூபாய் கூட்டியிருக்கிறீர்களே” என்கிறது. ராணுவத் தளபதி “பணவீக்கத்தைக் கழித்தால் போன வருடம் வாங்கியதைக்கூட வாங்க முடியாது, 1 ரூபாய் குறைந்துவிட்டது” என்கிறார். மூவர் சொல்வதும் சரி! ஒவ்வொருவரும் எதோடு ஒப்பிடுகிறார் என்பதுதான் வேறு.

நிஜத்தில் இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் 2011 பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்படி பத்து வருடங்களில் 48,700 கோடி டாலர் பாதுகாப்புச் செலவு வெட்டு என்று சொன்னார்கள். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அது ஏற்கெனவே போட்டிருந்த ஏறுமுகத் திட்டத்தோடு ஒப்பிட்ட கணக்கு, அதுவும் பத்து வருடத்துக்குச் சேர்த்து. ஆகவே எந்தத் தொகையைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வருடத்துக்கு? போன வருடச் செலவோடு ஒப்பிட்டதா, திட்டத்தோடு ஒப்பிட்டதா? பணவீக்கம் கழித்ததா, கழிக்காததா? இந்த மூன்றுக்கும் பதில் தராத கட்டுரையை மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

அதே சட்டம் இன்னொரு பாடமும் சொல்லிக்கொடுக்கிறது. உச்சவரம்பு போட்டது அடிப்படை பட்ஜெட்டுக்கு. போர்ச் செலவுக்கென்று தனியாக ஒரு கணக்கு இருந்தது, ‘வெளிநாட்டு அவசர நடவடிக்கைகள்’ என்ற பெயரில், அதற்கு இந்த வரம்பு கிடையாது. என்ன நடந்திருக்கும் என்று யூகிக்கக் கஷ்டமா என்ன? வழக்கமான செலவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கணக்குக்குள் தள்ளினார்கள். எந்த நாட்டின் பட்ஜெட்டாக இருந்தாலும், பாதுகாப்பு அமைச்சகத்தின் தலைப்புக்கு வெளியே என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்: ஓய்வூதியம், அணுஆயுதம், துணை ராணுவம், உளவுத்துறை, வெளிநாட்டு ராணுவ உதவி. ஒரு தலைப்பில் குறைந்தது இன்னொன்றில் முளைத்திருக்கும்.

ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதுகாப்புச் செலவு எத்தனை சதவீதம் என்பது பற்றியும் ஒரு வார்த்தை. நாடுகளை ஒப்பிட அது உதவும், ஆனால் வெட்டு நடந்ததா என்று கண்டுபிடிக்க அதை மட்டும் நம்பக் கூடாது. பொருளாதாரம் சுருங்கினால் செலவைத் தொடாமலேயே சதவீதம் ஏறும், வளர்ந்தால் செலவைக் கூட்டினாலும் இறங்கும். போதாக்குறைக்கு எதையெல்லாம் பாதுகாப்புச் செலவு என்று கணக்கில் சேர்ப்பது என்பதிலும் கைவரிசை காட்டலாம். 2015-ல் பிரிட்டன் நேட்டோவின் 2 சதவீத இலக்கைத் தொட்டபோது, முன்பு சேர்க்காத போர் ஓய்வூதியம் உள்ளிட்ட சில செலவுகளும் அந்தக் கணக்கில் இருந்தன. நேட்டோ விதிப்படி அது அனுமதிக்கப்பட்டதுதான். இருந்தாலும் அவர்கள் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழுவே அதைச் சுட்டிக்காட்டியது.

தலைகளை எண்ணுவது

பணத்தைவிட ஆட்களை எண்ணுவது சுலபம் என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும்.

சிரியாவில் 900 அமெரிக்க வீரர்கள் இருப்பதாகப் பென்டகன் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. 2024 டிசம்பரில் திடீரென்று, உண்மையில் சுமார் 2,000 பேர் என்றது. மீதிப் பேர் ‘தற்காலிகச் சுழற்சிப் படை’, அதனால் கணக்கில் வரவில்லையாம். அதற்குச் சில வருடங்கள் முன்பு, சிரியா விவகாரத்தைக் கவனித்த தூதர் ஜேம்ஸ் ஜெஃப்ரி ஒரு பேட்டியில், அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தலைமைக்கே தெளிவாகத் தெரியாதபடி எண்ணிக்கையில் விளையாடிக்கொண்டிருந்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். நாட்டின் அதிபருக்கே அந்த நிலை என்றால் செய்தி வாசிக்கும் நமக்கு என்ன கிடைக்கும்!

அதனால் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் அடைமொழியைப் படியுங்கள். ‘போர்ப் படைகள்’ வாபஸ் என்றால் ‘பயிற்சிப் படைகள்’ இருக்கும் என்று அர்த்தம். 2010 ஆகஸ்டில் இராக்கில் போர் நடவடிக்கை முடிந்ததாக ஒபாமா அறிவித்தபோது சுமார் 50,000 பேர் ஆலோசனை, உதவி என்ற பெயரில் அங்கேயே இருந்தார்கள். ‘நிரந்தரத் தளம்’ இல்லை என்றால் சுழற்சி முறை இருக்கும்: ஆறு மாதம் ஒரு பிரிவு, அது போனதும் அடுத்தது. வருடம் முழுக்க யாராவது ஒருவர் அங்கே இருந்துகொண்டேதான் இருப்பார், போக்குவரத்துச் செலவு வேறு சேரும். அப்புறம் தனியார் ஒப்பந்த ஊழியர்கள். சமையல், காவல், பராமரிப்பு எல்லாம் அவர்கள் தலையில் விழும்போது சீருடைக் கணக்கு அழகாகக் குறையும்.

ரிசர்வ் படை இடைவெளியை நிரப்பும் என்று ஒரு வரி இருந்தால் அதன் கீழே சிவப்புக் கோடு போடுங்கள். பிரிட்டன் 2010-ஐ ஒட்டிய வருடங்களில் தன் தரைப்படையை 1,02,000-லிருந்து 82,000-க்கு இறக்கத் திட்டமிட்டபோது, பகுதிநேர வீரர்களை 30,000 ஆக்கி ஈடுகட்டுவதாகச் சொன்னது. போனவர்கள் வேகமாகப் போனார்கள், வர வேண்டியவர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள்.

ஏன் இப்போது?

அறிவிப்பின் காரணத்தைக் கண்டுபிடித்தால் அது நிலைக்குமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். கொள்கை மாற்றம் என்று சொன்னாலும் பல தடவை பின்னால் நிற்பது கஜானா. அதிலும் எந்த வகைப் பணத் தட்டுப்பாடு என்பது முக்கியம். உள்நாட்டு பட்ஜெட் பற்றாக்குறை என்றால் கத்தி முதலில் ஆள்சேர்ப்பிலும் தளவாடக் கொள்முதலிலும் விழும். அந்நியச் செலாவணி நெருக்கடி என்றால் வெளிநாட்டுத் தளங்கள்தான் முதல் பலி, ஏனென்றால் அங்கே செலவாகும் ஒவ்வொரு காசும் நாட்டைவிட்டு வெளியே போகும் காசு.

1968-ன் பிரிட்டனை இதற்காகவே ஒருமுறை முழுதாகப் படிக்கலாம். 1967 நவம்பர் 18 அன்று பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராக இறக்கினார்கள். இரண்டே மாதத்தில், 1968 ஜனவரி 16 அன்று, பிரதமர் ஹரால்ட் வில்சன் நாடாளுமன்றத்தில் எழுந்து சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளை, அதாவது சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடா எல்லாவற்றையும், 1971 முடிவதற்குள் திரும்ப அழைப்பதாக அறிவித்தார். அதே உரையில் அமெரிக்காவிடம் கேட்டிருந்த 50 எஃப்-111 விமானங்கள் ரத்து. கூடவே, கவனியுங்கள், மருந்துச் சீட்டுக்கு மறுபடி கட்டணம், பள்ளியை விட்டு விலகும் வயதை உயர்த்தும் திட்டம் தள்ளிவைப்பு. சொந்தக் கட்சியின் வயிற்றில் அடிக்கும் வெட்டுகளையும் ராணுவ வெட்டுகளையும் ஒரே தட்டில் வைத்துத்தான் அந்த அரசால் பரிமாற முடிந்தது. ஒரு அறிவிப்பில் ராணுவத்தோடு வேறு எதெல்லாம் வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பேரம் எங்கே நடந்தது என்று தெரிந்துவிடும்.

மறுமுனையில் சிங்கப்பூர். அதன் பொருளாதாரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்பே லீ குவான் யூ லண்டனுக்குப் பறந்து போய் வாதாடினார், 1971 மார்ச் என்று யோசித்திருந்த கெடு டிசம்பருக்குத் தள்ளிப்போனது. பிறகு 5 கோடி பவுண்டு உதவியும் கிடைத்தது. செம்பவாங்கில் இருந்த கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தைப் பெயருக்கு ஒரு டாலர் விலையில் சிங்கப்பூர் அரசு வாங்கி, போர்க்கப்பல் பழுதுபார்த்த இடத்தில் வணிகக் கப்பல்களுக்கு வேலை பார்க்க ஆரம்பித்தது. ஒரு வாபஸ் அறிவிப்பில் ஏற்பு நாட்டுக்கு எவ்வளவு அவகாசம், எவ்வளவு பணம், எந்தச் சொத்து என்ற மூன்றும் இருந்தால் அது உண்மையான வெளியேற்றம் என்று நம்பலாம். தேதி மட்டும் இருந்தால் அரசியல்.

வெளியேறுவதற்கும் பில் உண்டு

இதை யாரும் தலைப்பில் போடுவதில்லை. 1990-ல் சோவியத் யூனியன் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வெளியேற ஒப்புக்கொண்டபோது மேற்கு ஜெர்மனி 1,200 கோடி மார்க் கொடுக்கவும், மேலும் 300 கோடி மார்க் வட்டியில்லாக் கடன் தரவும் ஒத்துக்கொண்டது. கொடுத்த தொகையில் பெரும் பங்கு எதற்கு என்றால், ஊர் திரும்பும் ராணுவத்தினருக்கு வீடு கட்ட. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், அதிகாரிகளின் குடும்பங்கள், திரும்பிப் போக வீடில்லாத நாடு. கடைசிப் படை 1994 ஆகஸ்ட் இறுதியில்தான் கிளம்பியது.

உள்நாட்டில் தளங்களை மூடுவதும் இப்படித்தான். அமெரிக்கா 2005-ல் நடத்திய தளக் குறைப்புச் சுற்றுக்கு ஆரம்பச் செலவு 2,100 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள், முடித்தபோது சுமார் 3,500 கோடி. மண்ணில் ஊறிய எரிபொருளைச் சுத்தம் செய்ய வேண்டும், ஒப்பந்தங்களை முறிக்க நஷ்டஈடு தர வேண்டும், வேலை போனவர்களுக்குப் பணம் தர வேண்டும். விற்றுக் காசாக்கலாம் என்பதும் எளிதல்ல. நியூசிலாந்து 2001-ல் தன் ஸ்கைஹாக் போர் விமானப் பிரிவையே கலைத்தது, தைரியமான முடிவு, ஆனால் வாங்க ஆள் கிடைக்காமல் விமானங்கள் வருடக்கணக்கில் கிடந்தன. ஒரு பகுதி 2012-ல்தான் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனது. ஆகவே “இந்த வருடமே மிச்சம்” என்று சொல்லும் அரசிடம் மூடும் செலவு எங்கே என்று கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் செலவு ஏறும் என்று நேர்மையாக எழுதியிருந்தால் அந்த ஆவணத்துக்கு என்னிடம் கூடுதல் மதிப்பெண்.

யார் தடுப்பார்கள்?

அறிவித்தவரால் அதைச் செய்ய முடியுமா என்று பாருங்கள். ஜிம்மி கார்ட்டர் தென் கொரியாவிலிருந்து தரைப்படையை வாபஸ் வாங்குவதாகத் தேர்தலிலேயே சொன்னவர், ஜெயித்தும் விட்டார். 1977-ல் அங்கிருந்த ஜெனரல் சிங்லப் இது போருக்கு வழிவகுக்கும் என்று பத்திரிகையில் சொல்ல, கார்ட்டர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். ஆனால் எதிர்ப்பு நீங்கவில்லை. காங்கிரஸ் முகம் சுளித்தது, வட கொரியப் படைபலம் நினைத்ததைவிடப் பெரிது என்று புதிய உளவு மதிப்பீடு வந்தது, 1979-ல் திட்டத்தையே நிறுத்திவைத்தார்கள். 2020-ல் டிரம்ப் ஜெர்மனியிலிருந்து சுமார் 12,000 பேரை எடுப்பதாக அறிவித்ததும் அப்படியே முடிந்தது. அதிலும் பாதிப் பேர் ஐரோப்பாவிலேயே வேறு நாடுகளுக்குத்தான் போவதாக இருந்தது. அடுத்து வந்த பைடன் அதை 2021 பிப்ரவரியில் நிறுத்தினார்.

தடுப்பது ஒருபுறம் இருக்க, வெளியே தள்ளுவதும் உண்டு. 1991 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில் அமெரிக்கத் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பரில் சூபிக் விரிகுடாவில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளம் காலியானது. 2014-ல் புதிய ஒப்பந்தம் போட்டு, பிலிப்பைன்ஸின் சொந்த முகாம்களுக்குள் அமெரிக்கப் படைகள் மாறி மாறி வந்துபோக ஆரம்பித்தன. பிரிட்டனும் 1971-ல் விட்டுப்போன பஹ்ரைனில் 2018-ல் மறுபடி கடற்படைத் தளம் திறந்தது. வாபஸ் என்றால் நிரந்தரம் என்று நினைத்துப் பந்தயம் கட்டாதீர்கள்.

இனி எனக்கு ரொம்ப முக்கியமாகப் படும் சோதனை. படை குறைகிறது, சரி, கொடுத்த வாக்குறுதி குறைகிறதா? ஒப்பந்தத்தில் “உன்னைக் காப்பேன்” என்ற வரி அப்படியே இருக்க, காப்பதற்கான கப்பலை மட்டும் விற்றால் அது சிக்கனம் ஆகாது, சூதாட்டம். 1981-ல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் கடற்படையைச் சுருக்கும் திட்டம் கொண்டுவந்தார். தென் அட்லாண்டிக்கில் சுற்றிவந்த எண்டியூரன்ஸ் என்ற ஒரே ஒரு கப்பலை எடுத்துவிடுவதும் அதில் இருந்தது. சின்னச் சேமிப்பு. அங்கே பிரிட்டன் ஆண்ட, அர்ஜென்டினாவும் உரிமை கோரிய ஃபாக்லாந்து தீவுகளைக் காப்போம் என்ற நிலைப்பாட்டை மட்டும் யாரும் மாற்றவில்லை. பிரிட்டனுக்கு அங்கே அக்கறை போய்விட்டது என்று அர்ஜென்டினா கணக்குப் போட்டதில் ஆச்சரியமில்லை. 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினாவின் படை தீவுகளில் இறங்கியது. ஆஸ்திரேலியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டிருந்த இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலைப் போருக்கு அனுப்பினார்கள், பிறகு அந்த விற்பனையையே கைவிட்டார்கள். வாக்கையும் படையையும் சேர்த்துக் குறைக்கும் அரசை நம்பலாம். ஒன்றை மட்டும் குறைப்பவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பயப்படுங்கள்.

நடைமுறையில் இதையெல்லாம் எங்கே தேடுவது என்றால், அறிவிப்பு வந்த அன்று பேச்சின் முழு உரையை எடுத்துக்கொள்ளுங்கள், செய்திச் சுருக்கம் வேண்டாம். அதில் தேதி, எண்ணிக்கை, படைப்பிரிவின் பெயர் மூன்றையும் குறித்துவையுங்கள். அடுத்து பட்ஜெட் ஆவணத்தில் அனுமதிக்கப்பட்ட ஆட்பலம் என்ற அட்டவணையைப் பாருங்கள், அந்த எண் இறங்கவில்லை என்றால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்றிரண்டு வருடம் கழித்துத் தணிக்கைத் துறையின் அறிக்கையும், திருத்திய மதிப்பீடும் வெளியாகும், திட்டமிட்ட தொகைக்குப் பக்கத்தில் உண்மையில் செலவான தொகை அப்போதுதான் வரும். அந்த நேரத்தில் செய்தியாளர்கள் எல்லாரும் வேறு விஷயத்துக்குப் போயிருப்பார்கள், நீங்கள் குறித்துவைத்த படைப்பிரிவின் பெயரைத் தேடிப் பாருங்கள். கலைத்த பட்டியலில் இருந்தால் சரி. வேறு நாட்டில் ‘கூட்டுப் பயிற்சி’ செய்துகொண்டிருப்பதாகச் செய்தி கிடைத்தால், பட்ஜெட்டில் எந்தத் தலைப்பின் கீழ் அதற்குப் பணம் போகிறது என்று மறுபடி தேட ஆரம்பிக்க வேண்டியதுதான்.